குழந்தைக்கு எக்ஸ்ரே, சி.டி.: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

3 வயது மகளுக்குச் சளி என்று 2 மாதத்தில் 2 முறை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிட்டோம். பயமாக இருக்கிறது டாக்டர். (தண்டையார்பேட்டை)

ஒரு நெஞ்சுப் படத்தில் உடலுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 0.02 மில்லிசீவெர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண்ணும் வானமும் நமக்குச் சும்மாவே தரும் கதிர்வீச்சு, உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4. கணக்குப் போட்டால் ஒரு படம் மூன்று நாள் சமாச்சாரம். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இரண்டாவது படம் எதற்கு? டாக்டரை மாற்றியதும் பழைய பிலிம் கிடைக்காமல் மறுபடி எடுப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். தடுப்பூசி அட்டை இருக்கும் பையிலேயே பிலிமையும் வையுங்கள். உள்ளே போகுமுன் கழுத்துக் கயிற்றையும் கழற்றிவிடுங்கள். போன வாரம் ஒரு பொடியனின் நுரையீரல்மேல் வெள்ளித் தாயத்து பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

5 வயதுப் பையன் படிக்கட்டில் விழுந்து நெற்றி புடைத்துவிட்டது. சி.டி. எடுத்தால்தான் நிம்மதி என்கிறார் மாமியார். (வியாசர்பாடி)

அந்த நிம்மதிக்கு விலை சுமார் 2 மில்லிசீவெர்ட், அதாவது நூறு நெஞ்சுப் படம். சிறு வயதில் சி.டி. எடுத்தவர்களிடம் ரத்தப் புற்றுநோயும் மூளைக்கட்டியும் சற்றுக் கூடுவதாக 2012-இல் பிரிட்டன் ஆய்வு ஒன்று சொன்னது. தனி ஒரு குழந்தைக்கு அந்த ஆபத்து மிகச் சிறியது. ஆனாலும் தேவையில்லாமல் எதற்கு? நினைவு தப்பவில்லை, வாந்தி இல்லை, கடும் தலைவலி இல்லை, வழக்கம்போல விளையாடுகிறான், விழுந்தது ஐந்தடிக்குக் குறைவு என்றால் பெரும்பாலும் டாக்டர் பார்த்துவிட்டுக் கவனித்தாலே போதும். மந்தமாகக் கிடந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர் வடிதல் என்றாலோ யோசிக்காமல் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அப்போது சி.டி. வேண்டாம் என்று தகராறு செய்யாதீர்கள். எந்த ஸ்கேன் சென்டரானாலும் வயதையும் எடையையும் சொல்லி, ‘குழந்தைக்கான செட்டிங்கா?’ என்று கேளுங்கள்.

வயிற்று வலி, குடல்வால் சந்தேகம். நேராக சி.டி.யா? (திருவொற்றியூர்)

முதலில் அல்ட்ராசவுண்ட். அதில் கதிர்வீச்சே கிடையாது.

நான் 2 மாதக் கர்ப்பிணி. எக்ஸ்ரே அறையில் மகனைப் பிடித்துக்கொள்ளலாமா? போன முறை அவன் அடிவயிற்றில் ஈயத்தகடும் போடவில்லை. (ராயபுரம்)

நீங்கள் வேண்டாம், அப்பா பிடிக்கட்டும், ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு. தகடு போடாதது தப்பில்லை. அது நழுவினால் பார்க்கவேண்டிய இடத்தை மறைக்கும், தகடு குறுக்கே வந்தால் சில இயந்திரங்கள் கதிர்வீச்சைத் தானாகவே கூட்டிவிடும். தகடு போடும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லி 2019-இலேயே அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் பரிந்துரைத்தது.

எக்ஸ்ரே முடிந்ததும் கதிர்வீச்சு இறங்க இளநீர் கொடுக்கலாமா? (காசிமேடு)

தாராளமாக, வெயிலுக்கு நல்லது. இறங்கத்தான் உள்ளே ஒன்றும் தங்கியிருக்காது. சுவிட்சை அணைத்தால் வெளிச்சம் போய்விடுகிறதே, அப்படி.