விசை எந்தப் பொருளின் மேல்? பௌதிகவியல் கேள்வி பதில்

சுன்னாகம், உயர்தர மாணவி: சேர், நாங்கள் தேரை இழுக்கிற அதே அளவு விசையால் தேரும் எங்களை இழுக்கிறது என்றால், தேர் எப்படி நகர்கிறது?

நல்ல கேள்வி, பிள்ளை. நியூட்டன் 1687இல் மூன்று இயக்க விதிகளையும் வெளியிட்ட நாளிலிருந்து படிக்கிறவர்கள் எல்லோரும் தடுமாறுகிற இடம் இது. விசை எந்தப் பொருளின் மேல் என்று முதலில் கேளுங்கள். வடம் இழுப்பது தேரை. தேர் இழுப்பது எங்களை. இரண்டும் வேறு வேறு பொருள்களில் தாக்குவதால் ஒன்றையொன்று அழிக்காது. தேரை மட்டும் பாருங்கள்: முன்னால் வடத்தின் இழுவை, பின்னால் சில்லுகளின் தடை. இழுவை கூடினால் தேர் அசையும். எங்களை மட்டும் பாருங்கள்: தேர் பின்னுக்கு இழுக்க, நிலம் முன்னுக்குத் தள்ளுகிறது. நல்லூர் வீதி மணலில் வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும், கால் சறுக்கினால் இழுக்கவே முடியாது. காலுக்கு உராய்வு வேண்டும். அப்புறம், ஓடத் தொடங்கிய தேரை நிறுத்தச் சில்லுக்குக் கட்டை போடுகிறார்களே, அங்கேதான் சடத்துவம், அதாவது ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கவும் நிற்கிற பொருள் நின்றபடியே இருக்கவும் பார்க்கிற இயல்பு, தெரிகிறது.

கொக்குவில்: பஸ் பிரேக் போட்டால் எங்களை முன்னால் தள்ளுகிற விசை எது?

அப்படி ஒரு விசை இல்லை. பஸ் நிற்கிறது, நீங்கள் பழைய வேகத்திலேயே போகிறீர்கள். மணிக்கு 36 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 10 மீற்றர். 60 கிலோகிராம் ஆளை 0.1 செக்கனில் நிறுத்தச் சராசரியாக 6000 நியூட்டன் விசை வேண்டும், அவருடைய நிறையின் பத்து மடங்கு. தயவுசெய்து மிதிபலகையில் தொங்காதீர்கள்.

திருச்சி: 60 கிலோகிராம் என்பது எடை அல்லவே? நீங்கள் ‘நிறை’ என்று குழப்புகிறீர்கள்.

நான் குழப்பவில்லை, ஐயா. எங்கள் இலங்கைப் பாடநூலில் பொருளின் அளவு திணிவு, அதைப் பூமி இழுக்கும் விசை நிறை. உங்கள் தமிழ்நாட்டுப் பாடநூலில் முன்னது நிறை, பின்னது எடை. உங்கள் நிலைமம் எங்கள் சடத்துவம், வேகம் மாறும் வீதத்துக்கு உங்கள் முடுக்கம் எங்கள் ஆர்முடுகல்.

உரும்பிராய்: கடைக்காரரும் நிறையைக் கிலோவில்தானே சொல்கிறார்?

கடையில் சொல்லட்டும், பரீட்சைத் தாளில் எழுதாதீர்கள். 60 கிலோகிராம் திணிவுக்கு இங்கே நிறை ஏறத்தாழ 590 நியூட்டன், நிலவில் 100 நியூட்டன் கூட வராது. திணிவு இரண்டு இடத்திலும் 60தான். நிலவில் அவரைத் தூக்குவது இலகு. ஓடி வருகிற அவரை மறிப்பது இங்கே போலவே கடினம்.

திருச்சி: ‘எடை’ என்பதுதான் நல்ல தமிழ்.

எடையும் தமிழ், நிறையும் தமிழ். எந்த நாட்டுப் பாடநூல் என்று சொல்லிவிட்டு எழுதினால் சண்டையே இல்லை.

நெல்லியடி: பஸ் புறப்படும்போது பின்னால் சாய்வது ஏன்?

கொக்குவிலுக்குச் சொன்னதை வாசியுங்கள்.

வல்வெட்டித்துறை: பட்டத்துக்கு வால் எவ்வளவு நீளம் வேண்டும்?

உங்கள் ஊரில் பட்டம் கட்டுகிறவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

காரைநகர்: படகு சீரான வேகத்தில் நேராகப் போகும்போதும் எஞ்சின் ஓடுகிறதே?

தண்ணீரின் தடையை ஈடுசெய்ய. எல்லா விசைகளையும் கூட்டி வரும் விளையுள் விசை பூச்சியம்.

சாவகச்சேரி: மேசையில் உள்ள புத்தகத்தின் நிறைக்குச் சோடியான எதிர் விசை, அதாவது மறுதாக்கம், மேசை புத்தகத்தைச் செங்குத்தாக மேலே தள்ளும் செவ்வன் விசைதானே?

இல்லை, தம்பி! அந்த இரண்டும் ஒரே புத்தகத்தின் மேல். மறுபடியும் சொல்கிறேன், எந்தப் பொருளின் மேல்? பூமி புத்தகத்தை இழுப்பது நிறை. அதன் மறுதாக்கம் புத்தகம் பூமியை இழுப்பது. மேசைக்கு அதில் பங்கில்லை.