என்சிசி 'சி' சர்டிபிகேட் வாங்கியாச்சு. ராணுவ அதிகாரி ஆக அடுத்து என்ன பயிற்சி?

'சி' சர்டிபிகேட் இருந்தால் நேராக லெப்டினன்ட் ஆகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. என்சிசிக்காரர்களுக்கான ஸ்பெஷல் என்ட்ரி வழியில் அந்தச் சான்றிதழ் செய்வது ஒரே வேலைதான்: சிடிஎஸ் (அதிகாரிகளைச் சேர்க்க யுபிஎஸ்சி நடத்துவது) எழுத்துத் தேர்வு எழுதாமலே எஸ்எஸ்பி, அதாவது ராணுவத் தேர்வு வாரிய நேர்காணலுக்குப் போக விடும். சான்றிதழில் பி கிரேடாவது வேண்டும், பட்டப்படிப்பில் 50 சதவீதம், வயது 19 முதல் 25, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. பெண்களும் போகலாம், இடங்கள்தான் ரொம்பக் குறைவு.

எஸ்எஸ்பி ஐந்து நாள். நான் பெங்களூருவில் பார்த்தவன். முதல் நாளே ஒரு மங்கலான படத்தை 30 விநாடி காட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள். அதை வைத்துக் கதை எழுதி, அப்புறம் குழுவாகப் பேசி ஒரே கதைக்கு வரவேண்டும். எங்கள் குழு சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. வந்தவர்களில் பாதிக்கு மேல் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நான் ஐந்தாம் நாள் வரை தாக்குப்பிடித்து, கடைசியில் கான்ஃபரன்ஸ் அவுட், அதாவது தேர்வாளர்கள் கூடி முடிவெடுக்கும் கடைசிக் கட்டத்தில் வெளியே. காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்குத் தெரியும்: கல்லூரி என்சிசியில் அண்டர் ஆபீசராக (மாணவர் தலைவனாக) இருந்த பழக்கத்தில், பலகையும் கயிறும் வைத்துச் செய்யும் குழு வேலையில் எல்லாருக்கும் கட்டளை போட்டுக்கொண்டே இருந்தேன். யாருடைய யோசனையும் காதில் ஏறவில்லை.

என்னோடு என்சிசியில் இருந்த நண்பன் தேறினான். அவன் போனது சென்னை பரங்கிமலையில் இருக்கும் ஓடிஏ, அதாவது ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி. பயிற்சி 49 வாரம், இரண்டு டெர்ம். மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. முதல் அவுட்பாஸில் (வெளியே போக அனுமதி) என் அறைக்கு வந்தான். சென்னை வெயிலில் முழுக்கை சட்டை, டை! நாலு பரோட்டா சாப்பிட்டவன் ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டான். "என்சிசி டிரில்லை மறக்கவே ஒரு மாசம் ஆச்சுடா"ன்னு சொன்னான். விடிவதற்கு முன்பே பிடி (உடற்பயிற்சி), பிறகு டிரில், ஆயுதப் பயிற்சி, வகுப்பு, மாலையில் விளையாட்டு. துப்பாக்கியும் முதுகில் மூட்டையுமாக 30 கிலோமீட்டர் வரை போகும் ரூட் மார்ச் தனி. பயிற்சியில் தேறாதவர்களை ஆறு மாதம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அவன் அதிகம் பயந்தது அதற்குத்தான்.

பாசிங் அவுட் பரேடு நடக்கும் மைதானத்துக்கு மேஜர் பரமேஸ்வரன் பெயர். அதே அகாடமியில் படித்து, 1987இல் இலங்கையில் உயிர்விட்டுப் பரம்வீர் சக்கரம் பெற்றவர். பரேடு முடிந்ததும் தோளில் லெப்டினன்ட் நட்சத்திரம் ஏறும். அதோடு பயிற்சி ஓய்ந்ததா? இல்லை. சேரும் படைப்பிரிவுக்கு ஏற்ற யங் ஆபீசர்ஸ் கோர்ஸ் இருக்கிறது: காலாட்படை என்றால் மத்தியப் பிரதேசத்தில் உள்ள மௌ, பீரங்கிப் படைக்கு தேவ்லாலி, இன்ஜினியர்ஸுக்கு புனே.

இது ஷார்ட் சர்வீஸ், குறுகிய காலப் பணி. 10 வருடம், விரும்பினால் இன்னும் 4. தொடக்கத்திலிருந்தே நிரந்தரப் பணி வேண்டும் என்றால் டேராடூன் ஐஎம்ஏ (இந்திய ராணுவ அகாடமி). அங்கேயும் 'சி' சர்டிபிகேட்காரர்களுக்குத் தனி இடங்கள் உண்டு, ஆனால் சிடிஎஸ் எழுதித்தான் ஆகவேண்டும்.

கடைசி வருடம் படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்னால் ஒரு டாக்டரிடம் பாதம், முழங்கால், கண், காது எல்லாம் காட்டிவிடுங்கள். எஸ்எஸ்பி தேறிய என் நண்பனையே மெடிக்கலில் முதலில் நிறுத்தி வைத்தார்கள். காரணம், காதில் அழுக்கு.