இலவசப் பாடம் இருக்க, கல்லூரி எதற்கு?

கேள்வி: ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடமே மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் சும்மா கிடைக்கிறது. அப்புறம் ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த காசை என் மகனின் என்ஜினீயரிங் கல்லூரியில் கொண்டுபோய்க் கொட்டுவானேன்?
– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் ஸ்வயத்தில் கிடைப்பது பாடத்துக்கொரு சான்றிதழ், பட்டம் அல்ல. இப்படிப்பட்ட இலவச இணையப் பாடங்களை எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்று பாருங்கள். 2011-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துச் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை, அதை நடத்திய செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டபோது சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் ஏறக்குறைய 23,000. அதுவே நல்ல கணக்கு. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் இணையத்தில் நடத்திய பாடங்களில் 2017-18-ல் கரையேறியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். சேருகிறவர்களிலும் ஏற்கெனவே டிகிரி கையில் உள்ளவர்களே அதிகம் என்று அந்தக் காலத்து ஆய்வுகள் சொல்லின. படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் இந்தப் பந்தி.

உங்களுக்குத் தெரியாததா? கத்தியும் மரமும் இருந்தால் பால் வந்துவிடாது, விடியுமுன் எழுந்து போக ஆள் வேண்டும். ஸ்வயத்தில் ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாரப் பயிற்சியை அனுப்பக் கடைசி நேரம் பெரும்பாலும் புதன் நள்ளிரவு. ஆடி மழையில் பத்து மணிக்குக் கரண்ட் போய், செல்போனில் ஒரு கோடு சிக்னல் நிற்க, பேராசிரியரின் ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டு விடை குறிக்கிற பையனா உங்கள் பையன்? ‘எழுது’ என்று அங்கே அதட்ட ஆளில்லை. (கல்லூரியிலும் இல்லை என்பீர்கள். சரி, அங்கே வருகைப் பதிவாவது இருக்கிறது.) சில பாடங்களுக்குத் தமிழில் எழுத்து வடிவமும் உண்டு, அதைத் தேடி எடுக்கிறவர்கள் குறைவு.

இந்தத் தளங்களால் பயனே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஒரு பாடத்துக்குச் சரியான ஆசிரியரே இல்லாத கல்லூரியில் மாட்டிக்கொண்டவனுக்கு இது பெரிய வரம். 2021-ல் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து, பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட் புள்ளிகளைச் சேர்க்கலாம். ஆனால் கல்லூரி அதை ஏற்க வேண்டும். கட்டணம் கட்டப் போகும்போது முதலில் அதைக் கேளுங்கள்.

இன்னொன்று: பாடம்தான் இலவசம், தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய் அளவில் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். மதிப்பெண்ணில் முக்கால் பங்கு அந்தத் தேர்வுக்குத்தான். பணத்தைக் கட்டிவிடச் சொல்லுங்கள்; கட்டிய காசு போகுமே என்ற பயத்தில் படிப்பவர்கள் நிறைய. வகுப்பில் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரே பாடத்தில் சேர்ந்தால் இன்னும் நல்லது.

அதற்கு முன் மகனிடம் கேளுங்கள்: ஏற்கெனவே சேர்ந்த பாடம் ஏதாவது உண்டா, எந்த வாரத்தில் நிற்கிறது? நான்காவது வாரத்தைத் தாண்டியிருந்தால் மறுபடி எழுதுங்கள், கல்லூரியைப் பற்றி மேலே பேசலாம்.