கருந்துளைக் கணக்கும் உங்கள் மகளின் மேற்படிப்பும்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. கருந்துளையை வைத்து எலெக்ட்ரான்களை ஆராயப்போவதாகச் சொல்கிறாள். பி.எட். முடித்து டி.ஆர்.பி. எழுதினால் போதும் என்பது உங்கள் எண்ணம்.

அவள் கேட்பது தொலைநோக்கியில் வானம் பார்க்கும் படிப்பு இல்லை. தாமிர ஆக்சைடு மீக்கடத்திகள் (மிகக் குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்துபவை) போன்றவற்றில் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று மிக வலுவாகப் பாதிப்பதால், தனித்தனித் துகளாக எடுத்துப் போடும் வழக்கமான கணக்கு செல்லாது. 1997இல் இயற்பியலாளர் மால்டசேனா காட்டிய தொடர்பின்படி, இதுபோன்ற சில வலுவான அமைப்புகளின் கணக்கை ஒரு பரிமாணம் கூடுதலான ஈர்ப்புக் கணக்காக மாற்றலாம். பொருளின் வெப்பநிலை அங்கே கருந்துளையின் ஹாக்கிங் வெப்பநிலை (கருந்துளை வெளிவிடும் கதிர்வீச்சின் வெப்பநிலை) ஆகிறது. துகள்களின் அடர்த்தி அதன் மின்னூட்டம் ஆகிறது. 2009 வாக்கில் இந்த வழியில் ஃபெர்மி பரப்பே (உலோகத்தில் எலெக்ட்ரான்கள் நிரம்பிய நிலைகளின் எல்லை) கணக்கில் தெரிந்தது.

ஆர்வம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க, வீட்டு லேப்டாப்பில் பைத்தானில் இந்த ஒரு கணக்கை அவள் போடட்டும். கருந்துளை விளிம்பின் ஆரம் 1. 3இலிருந்து மின்னூட்டத்தின் வர்க்கத்தைக் கழித்து 4 பையால் வகுத்தால் வெப்பநிலை, வர்க்கம் 2.9 என்றால் ஏறக்குறைய 0.008. எடுத்த எடுப்பிலேயே வர்க்கத்தை 3 என்று வைத்தால் விளிம்பில் இரட்டைச் சுழியம் வந்து, எளிய தொடக்க நிபந்தனை பொருந்தாமல் போகும். எலெக்ட்ரான் போன்ற துகள்களுக்கான டிராக் சமன்பாட்டை ஆரம் 1இல் தொடங்கினால் சுழியத்தால் வகுக்க நேரும், 1.0001இல் தொடங்க வேண்டும். அங்கே உள்ளே விழும் அலையை மட்டும் எடுக்க வேண்டும். வெளியேறும் அலையை எடுத்தால் விடையின் குறி தலைகீழாகிவிடும். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். வெகு தொலைவில் அந்த அலையின் இரு கூறுகளின் விகிதத்தைப் பார்த்து, அதன் கற்பனைப் பகுதியை உந்தத்துக்கு எதிராக வரைய வேண்டும். நிறையற்ற, மின்னூட்டம் 1 உள்ள ஃபெர்மியானுக்கு (எலெக்ட்ரான் வகைத் துகள்), வெப்பநிலையையும் அதிர்வெண்ணையும் சுழியத்தை நோக்கிக் குறைக்கக் குறைக்க வரைபடத்தின் முகடு கூர்மையாகி உந்தம் 0.9185 அருகே வந்து நிற்கும், அதுதான் ஃபெர்மி பரப்பு. வராவிட்டால் எங்கே பிழை என்று தேடுவதில் அவளுக்குப் பொறுமை இருக்கிறதா என்று கவனியுங்கள். ஆராய்ச்சி நாள்களில் பெரும்பகுதி அந்தத் தேடல்தான்.

குறைகளையும் அவள் அறிந்தே இறங்கட்டும். இந்தக் கருந்துளை எந்தக் குறிப்பிட்ட உலோகத்திலிருந்தும் தருவிக்கப்பட்டதல்ல. எளிய மாதிரியில் படிக அமைப்பே கிடையாது. சுழி வெப்பநிலையிலும் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) மிஞ்சுகிறது. அது இயல்பான உலோகத்தின் குணமல்ல. ‘மீக்கடத்தியைக் கருந்துளை விளக்கிவிட்டது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி வழி. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு, மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில். 60 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். எண்ணை விடையாக எழுதும் 20 கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் இல்லை. அவற்றில் ஒன்றையும் வெறுமனே விடக்கூடாது. ஜாமில் இடம் கிடைக்காவிட்டால் சேலத்திலேயே பெரியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டு, முனைவர் படிப்புக்கு ஜெஸ்ட், நெட் எழுதலாம். சென்னை கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரு ஐ.சி.டி.எஸ். (கோட்பாட்டு அறிவியல் ஆய்வு மையம்) இரண்டுமே ஜெஸ்ட் பார்ப்பவை.

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. முனைவர் பட்டம் முடிய ஐந்தாறு ஆண்டு ஆகும். வயது இருபத்தெட்டைத் தாண்டும். திருமணப் பேச்சை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் நிரந்தரப் பணியிடம் குறைவு, மறைக்க விரும்பவில்லை. எண்கணிப்பு நிரல் எழுதும் திறன் வேறு துறைகளிலும் வேலை தரும்.

உங்கள் யோசனையும் வீணாகாது. முதுகலை ஆசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இரண்டுமே வேண்டும். எனவே இப்போது எம்.எஸ்சி.; முடிக்கும்போது ஆராய்ச்சி வேண்டாமென்று அவளுக்கே தோன்றினால், அப்போது பி.எட். சேர்த்துவிடலாம்.