பையன் கப்பல் கட்டுற படிப்புக்கு போகலாமான்னு கேட்ட அக்காவுக்கு

அக்கா, "சீனாக்காரனும் கொரியாக்காரனும் எல்லா ஆர்டரையும் அள்ளிட்டு போறான், இவன் நேவல் ஆர்க்கிடெக்சர் படிச்சு என்ன பண்ணுவான்"னு கேட்டிருந்தீங்க. பயம் நியாயம்தான். இதே பயம் நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கப்பல்கட்டி ஊர்கள்ல வீட்டுக்கு வீடு இருந்துச்சு, அந்த கதைய கேளுங்க.

1913ல பிரிட்டன் மட்டும் 19 லட்சம் டன்னுக்கு மேல கப்பல தண்ணில இறக்குச்சு, உலகக் கணக்குல பாதிக்கு மேல. 1933ல வெறும் 1.33 லட்சம் டன். நடுவுல 1925ல ஃபர்னஸ் விதிங்கற பிரிட்டிஷ் கம்பெனியே விலை கம்மின்னு அஞ்சு மோட்டார் கப்பல ஜெர்மனியில ஹாம்பர்க்ல கட்ட ஆர்டர் குடுத்துச்சு, நாடே அதிர்ந்துபோச்சு.

ஆனா வெளிநாட்டுக்காரன் மேல மட்டும் பழிபோட்டா பாதி கதைதான். உலகமே மந்தத்துல கெடந்துச்சு, எவனுக்குமே ஆர்டர் இல்ல. டென்மார்க், ஸ்வீடன் நாட்டு கப்பல் கட்டற யார்டுங்க டீசல் எஞ்சின கெட்டியா புடிச்சுகிட்டாங்க, பிரிட்டன்ல நெறைய யார்டு நீராவியையும் நிலக்கரியையும் விடல. இதுல எனக்கு ரொம்ப வலிக்கறது வெல்டிங் விஷயம். தகடுகள சேர்த்து அடிக்கற ரிவெட் ஆணியே இல்லாம முழுசா வெல்டிங்லயே செஞ்ச முதல் கடல் கப்பல் ஃபுல்லகர், 1920ல இங்கிலாந்துல பிர்க்கன்ஹெட்ல கட்டினது, அதாவது அவங்க ஊர்லயேதான், ஆனா அப்புறம் அத வேகமா பரப்பல, வெல்டிங் யாரோட வேலை, என்ன கூலின்னு முதலாளிக்கும் யூனியனுக்கும் இழுபறியாவே ஓடுச்சு.

இங்கிலாந்துல ஜாரோங்கற ஊர்ல பால்மர்ஸ் யார்ட மூடுனதும் ஜெர்மன்காரன் இல்ல, உள்ளூர் முதலாளிங்களே சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி வாங்கி இழுத்து மூடுச்சு, 40 வருஷத்துக்கு அங்க கப்பல் கட்டக்கூடாதுன்னு வேற நிபந்தனை. அந்த ஒரே யார்ட நம்பியிருந்த ஊரு அது. 1936ல அங்கருந்து 200 பேர் வேலை கேட்டு லண்டன் வரைக்கும் நடந்தே போனாங்க.

அதனால பையன தடுக்காதீங்க, ஆனா ஒரே யார்டு, ஒரே வேலைன்னு மாட்டிக்க விடாதீங்க. வெல்டிங், ஸ்ட்ரக்சர் டிசைன், கப்பல சோதிக்கற சர்வே, ரிப்பேர் இதெல்லாம் கப்பல் எந்த நாட்டுல கட்டினாலும் தேவைப்படும். ஐஐடி மெட்ராஸ், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (குசாட்), விசாகப்பட்டினத்துல இந்திய கடல்சார் பல்கலைக்கழகம் (ஐஎம்யூ) மூணுலயும் இந்த படிப்பு இருக்கு. சேர்றதுக்கு முன்னாடி ஃபைனல் இயர் பசங்க ரெண்டு பேர்கிட்ட பேசுங்க, இன்டர்ன்ஷிப்புக்கு எந்தெந்த யார்டுக்கு போனாங்க, அங்க கையால என்ன வேலை செஞ்சாங்கன்னு கேளுங்க, அப்புறம் எனக்கு எழுதுங்க.