கௌபாய் காதல் கதைகள்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்க மேற்கின் சிற்றூர் ஒன்றுக்கு வெளியூர்ப் பெண் ஒருத்தி வருகிறாள். மாட்டுப் பண்ணையில் உழைக்கும் முரட்டுக் கௌபாய் ஒருவனைச் சந்திக்கிறாள். சில வாரங்களுக்குள் காதல் பற்றிக்கொள்கிறது. இந்த வகைக் கதைகளைத் தமிழில் எழுதுகிறவர்களும் விரும்பிப் படிக்கிறவர்களும் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். என் கணவரின் மருத்துவப் பணி காரணமாக அமெரிக்க மாநிலமான மொன்டானாவின் கிழக்குப் பகுதியில் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தவள் நான்.

கேள்வி: அக்கா, என் கதையில் மூன்றாம் நாளே காதல் வந்துவிடுகிறது. நம்பும்படி இல்லை என்கிறாள் தோழி. வேகத்தைக் குறைக்கட்டுமா? (திருச்சி வாசகி)

பதில்: வேகத்தில் கை வைக்காதீர்கள். அந்த மூன்று நாளும் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மாற்றுங்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கண்ணின் நிறம், தோளின் அகலம் என்றே நான்கு பக்கம் போய்விட்டது.

கதையைக் கன்று ஈனும் பருவத்துக்கு நகர்த்துங்கள். மொன்டானாவில் பெரும்பாலான பண்ணைகளில் அது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. தலையீற்றுக் கிடேரிகளை இரவிலும் இரண்டு மூன்று மணிக்கொரு தடவை எழுந்துபோய்ப் பார்த்தாக வேண்டும். ஈரத்தோடு பனியில் விழும் கன்றுக்குக் காது நுனி உறைந்துவிடும். கொஞ்சம் தாமதித்தால் உயிரே போய்விடும்.

பக்கத்துப் பண்ணையில் அப்படி ஓர் இரவை நேரில் பார்த்தேன். கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிகின்றன, தலை வரவில்லை. பண்ணைக்காரர் அந்தக் குளிரிலும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தோள்வரை கையைக் கழுவி உள்ளே விட்டார். மடங்கிக் கிடந்த தலையைத் திருப்பி நேராக்கினார். கன்றின் கணுக்காலுக்கு மேலே சங்கிலியைச் சுற்றி, பசு முக்கும்போது மட்டும் இழுத்தார். அது ஓயும்போது அவரும் ஓய்ந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் பசுவிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். கன்று விழுந்ததும் மூக்கின் சளியை விரலால் வழித்துவிட்டு, ஒரு வைக்கோலை நாசிக்குள் விட்டார். அது தும்மியது. பிறகு அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பிக்கப் வண்டியில், வெப்பக்காற்று வரும் இடத்துக்கு நேராகக் கால்வைக்கும் பலகையில் கிடத்தினார்.

உங்கள் நாயகி விளக்கைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்க்கட்டும். சீம்பால் புட்டியைக் கன்றின் வாயில் வைப்பது அவள் கையாக இருக்கட்டும். விடிவதற்குள் அவனைப் பற்றி அவள் அறிந்துகொள்வதைப் பத்து மாதப் பழக்கத்திலும் அறிய முடியாது. அதன்பின் மூன்றாம் நாள் காதல் என்று எழுதினால் உங்கள் தோழி கேள்வி கேட்கமாட்டாள்.

கேள்வி: நாயகன் முரடன் என்றால் எந்த அளவுக்கு? அதட்டலாமா, கையைப் பிடித்து இழுக்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: கூடாது. முரடு அவன் உள்ளங்கையில் இருக்கட்டும். கயிறு உரசிய காய்ப்பு, வெயிலில் வெடித்த உதடு, மாடு உதைத்ததில் சரியாகக் கூடாத விலா எலும்பு, இவை போதும். நாயகியின் சம்மதத்தைக் கேட்கத் தெரியாதவனை நாயகன் என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை. குதிரை பழக்குகிறவனுக்கு ஒன்று தெரியும்: குதிரை பின்வாங்கினால் அவனும் ஓரடி பின்வாங்கி நிற்க வேண்டும். அந்தப் பொறுமையை அவளிடமும் காட்டுகிறவனாக எழுதுங்கள். காதல் வேகமாக எரியட்டும், ஆனால் அடுத்த அடியை அவளே எடுத்து வைக்கட்டும்.

கேள்வி: அம்மா, கௌபாய் என்பதை "மாடு மேய்ப்பவன்" என்று மொழிபெயர்க்கலாமா? (கோயம்புத்தூர்)

பதில்: கௌபாய் என்றே விடுங்கள். அவன் குதிரைமீது இருந்து வேலை செய்கிற கூலி ஆள். நிலமும் மாடும் வைத்திருப்பவர் பண்ணையார். அந்த வேறுபாடே நல்ல கதையாகும். இன்னொன்று: பண்ணையாரிடம் எத்தனை மாடு இருக்கிறது என்று உங்கள் நாயகி கேட்டுவிட்டால் அங்கே முகம் சுளிப்பார்கள். வங்கியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம் அது.

கேள்வி: சிற்றூர் என்றால் எவ்வளவு சிறியது? ஊர் கதைக்கு என்ன செய்யும்? (சென்னை வாசகி)

பதில்: மொன்டானாவின் பரப்பு சுமார் 3,80,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 11 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. மாடுகளோ அதைவிட அதிகம். நான் இருந்த ஊரில் ஒரு தானியக் கிடங்கு, ஓர் அஞ்சல் நிலையம், ஓர் உணவகம், இரண்டு மதுக்கூடங்கள், மூன்று தேவாலயங்கள்.

இத்தகைய ஊரில் மெதுவாகக் காதலிக்க முடியாது. அவன் வண்டி இரவில் அவள் வாசலில் நின்றிருந்தால், காலை எட்டு மணிக்கு அஞ்சல் நிலையத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். தாங்களே இன்னும் முடிவு செய்யாத ஒன்றுக்கு ஊர் பெயர் வைத்துவிடுகிறது. அவர்களும் பதில் சொல்ல வேண்டியதாகிறது. ஊரை வம்புக்கு மட்டும் பயன்படுத்தாதீர்கள். கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடும் நாளில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாம் கூலி வாங்காமல் வந்து உழைப்பார்கள். மதியம் பெரிய பந்தி. அங்கே அவளுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள் என்றால் ஊர் அவளை ஏற்றுக்கொண்டது என்று பொருள்.

கேள்வி: நான் படித்த கதைகளில் கௌபாய் எப்போதும் வெள்ளையர்தான். உண்மையும் அதுதானா? (யாழ்ப்பாணம்)

பதில்: இல்லை, இதைக் கேட்டதற்கு நன்றி. இந்தத் தொழிலே ஸ்பானிய மெக்சிகோவில் குதிரைமீது இருந்து மாடு மேய்த்த வாக்கேரோக்களிடமிருந்து வந்தது. கௌபாய்களின் குதிரை, காளைச் சாகசப் போட்டியான ரோடியோ என்ற சொல்லே ஸ்பானியம். 1860களின் இறுதி முதல் 1880கள் வரை டெக்சாஸிலிருந்து வடக்கே மாட்டுமந்தைகளை ஓட்டிச் சென்றவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அடிமையாகப் பிறந்து கௌபாயான நாட் லவ் 1907இல் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். ஓடும் குதிரையிலிருந்து பாய்ந்து காளையின் கொம்பைப் பிடித்து வீழ்த்தும் ரோடியோ விளையாட்டைப் பரப்பியவர் பில் பிக்கெட், அவரும் கறுப்பர். மொன்டானாவின் குரோ, வடக்குச் செயென் பழங்குடி மக்களிடையே இன்றும் தேர்ந்த குதிரைவீரர்கள் இருக்கிறார்கள். உங்கள் நாயகனை இவர்களில் ஒருவனாக எழுதினால் புதுமைக்காகச் செய்ததாக யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: என் நாயகன் ரோடியோ வீரன். காளைச் சவாரிக்கு விதி என்ன? (சேலம்)

பதில்: 8 வினாடி தாக்குப்பிடிக்க வேண்டும். ஒரு கைதான் கயிற்றைப் பிடிக்கலாம். மற்றக் கை காளைமீதோ தன்மீதோ பட்டால் மதிப்பெண் இல்லை. மொத்தம் 100இல் பாதி அவனுக்கு, பாதி காளையின் துள்ளலுக்கு. திமிலோடு நிற்கும் அந்தக் காளைகள் பலவற்றில் ஓடுவது பிராமன் இனத்தின் ரத்தம். அந்த இனமோ இந்தியாவிலிருந்து போன கிர், காங்ரேஜ், நெல்லூர் மாடுகளிலிருந்து உருவானது. தமிழ் நாயகி ஒருத்தி அந்தத் திமிலைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வதாக ஒரு காட்சி எழுத யாராவது முன்வந்தால் முதல் வாசகி நான்.

கேள்வி: இருவரையும் கடைசியில் பிரித்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா? (திருநெல்வேலி)

பதில்: பிரித்தால் அது வேறு வகைக் கதை. காதல் கதை என்று நம்பி வந்த வாசகருக்குக் கடைசிப் பக்கத்தில் நம்பிக்கை கிடைக்க வேண்டும். நடுவில் பிரிவு வேண்டுமானால், ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடும் தவறான புரிதலை வைக்காதீர்கள். பண்ணையில் வருமானம் என்பது பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் கன்றுகளை விற்கும்போது வரும் ஒரே காசோலை. வசந்தத்தில் காதலிக்கிறவன் அதுவரை கடனில் இருக்கிறான். "என்னோடு இரு" என்று கேட்க அவன் கூசுகிறான். அவளுக்கோ நகரத்தில் வேலை காத்திருக்கிறது. இதில் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கேள்வி: நீங்கள் எழுதினால் முதல் காட்சி எது, அக்கா? (புதுச்சேரி)

பதில்: அந்தச் சாலைகளில் எதிரே வருகிறவர் தெரிந்தவரோ தெரியாதவரோ, ஸ்டியரிங்கை விடாமல் இரண்டு விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொல்வார்கள். ஊருக்கு வந்த முதல் நாள் என் நாயகி அதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் அதே பழைய பிக்கப், அதே இரண்டு விரல். தன்னைத்தானா என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறாள், சாலையில் வேறு யாரும் இல்லை. மூன்றாம் நாள் அந்த வண்டியின் புழுதி தெரிந்ததுமே அவள் கையுறையைக் கழற்றிவிடுகிறாள்.