களிமண்ணைத் தூக்கிப் போடாதீர்கள்

களிமண்ணில் பிறந்தவள் என்றால் இந்தக் காலத்து வாசகர் சிரிப்பார், அதனால் காமிக்ஸ் நாயகி வொண்டர் வுமனை வைத்து நான் எழுதும் கதையில் அவளைக் கிரேக்கக் கடவுள்களின் அரசன் ஜீயஸின் மகளாக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் நண்பரே. அதை 2011-இல் அவள் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனமே செய்துவிட்டது, பிறகு 2017 படத்திலும் அதுதான். ஆண் துணையே இல்லாமல் ஒரு தாய் ஆசைப்பட்டு, களிமண்ணைப் பிசைந்து பெற்ற பிள்ளை என்பதுதான் அவளை உருவாக்கிய மார்ஸ்டன் 1940-களில் வைத்த விஷயம். அங்கே ஒரு அப்பாவை நுழைத்தால் அவளும் இன்னொரு கிரேக்க வீரன் மாதிரி ஆகிவிடுகிறாள், ஹெர்குலிஸுக்குத் தங்கச்சி, அவ்வளவுதான்.

1987-இல் அவள் கதையைப் புதிதாகத் தொடங்கிய காமிக்ஸ் படைப்பாளி ஜார்ஜ் பெரெஸ் என்ன செய்தார் என்று பாருங்கள். களிமண் அப்படியே இருக்கிறது. ஆனால் அவள் பிறந்த போர்வீராங்கனைகளின் குலமான அமேசான்கள் எல்லோரும் முற்பிறவியில் ஆண்களால் கொல்லப்பட்ட பெண்கள். அவர்களின் அரசியும் அவளுடைய தாயுமான ஹிப்போலிட்டா அந்த முற்பிறவியில் கர்ப்பிணி, அந்தப் பிறக்காத குழந்தையின் உயிர்தான் மண் பொம்மைக்குள் வருகிறது. இதைப் படித்தால் யாருக்குச் சிரிப்பு வரும்? பழைய கதைகளில் அவளுடைய காதலனான ஸ்டீவ் ட்ரெவரையும் பெரெஸ் வயதில் மூத்தவராக்கிக் காதலை வெட்டிவிட்டார், எனக்குப் பிடித்த துணிச்சல் அது. அமெரிக்கா வந்து இறங்கும் டயானாவுக்கு (வொண்டர் வுமனின் சொந்தப் பெயர் அதுதான்) ஆங்கிலமே தெரியாது, பாஸ்டனில் ஒரு பேராசிரியைதான் சொல்லிக்கொடுக்கிறார்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். மண்ணை விட்டுவிடாமல், ஹிப்போலிட்டா ஏன் அதைப் பிசைந்தாள் என்பதற்கு மட்டும் புதுக் காரணம் யோசியுங்கள். முதல் அத்தியாயத்தை அவள் பக்கத்திலிருந்தே எழுதிப் பாருங்கள், டயானா அப்புறம் வரட்டும்.